தொலைநோக்கியின் கண் எங்கே செய்யப்படுகிறது?

மாத்தாரிக்கி 2022 ஆம் ஆண்டு நியூசிலாந்தின் பொது விடுமுறை ஆனதிலிருந்து, குளிர்காலம் பிறந்தால் வானம் பார்க்கும் ஆர்வமும் கூடவே பிறக்கிறது. மாஓரி மக்கள் மாத்தாரிக்கி என்று கொண்டாடும் அந்தச் சிறு நட்சத்திரக் கூட்டம் நமக்கு அந்நியமானதல்ல. நமது கார்த்திகை நட்சத்திரம் அதுதான். இதற்கு மேலாக, 2028 யூலை 22 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை தெற்குத் தீவின் குவீன்ஸ்ரவுன், டுனெடின் நகரங்களைக் கடந்து செல்லப் போகிறது. ஆகவே அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நமது வீடுகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கும் பேச்சு எழும். அந்தப் பேச்சில் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வியும் எனக்குத் தெரியும்: "எந்த நாட்டுச் சாமான்?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் றலி சைக்கிளின் மதிப்பு, அது இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதில் பாதி தங்கியிருந்தது. "யப்பான் சாமான்" என்பது ஒரு பாராட்டு. "சைனாச் சாமான்" என்பது ஒரு வசை. ஒக்லாந்துக்கு வந்து கால் நூற்றாண்டு கழிந்தவர்களும் அதே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். தொலைநோக்கி விடயத்தில், அதிலும் அதன் பார்வைத்துண்டு விடயத்தில், இந்தத் தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரை.

பார்வைத்துண்டு என்பது நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சிறிய குழாய். பெரிய கண்ணாடி அல்லது முன்வில்லை ஒளியைச் சேர்த்துக் குவிக்கிறது. அங்கே உருவாகும் சிறு பிம்பத்தைப் பெருப்பித்துக் காட்டுவது பார்வைத்துண்டு. உருப்பெருக்கக் கணக்கு சுலபமானது. தொலைநோக்கியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 1200 மில்லிமீற்றர் தொலைநோக்கியில் 25 மில்லிமீற்றர் துண்டைப் போட்டால் 48 மடங்கு. 10 மில்லிமீற்றர் துண்டைப் போட்டால் 120 மடங்கு.

இந்தக் கணக்கை வைத்துத்தான் பேரங்காடிகளில் ஏமாற்றும் நடக்கிறது. 60 மில்லிமீற்றர் வில்லையும் 700 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட ஒரு விளையாட்டுத் தொலைநோக்கியுடன் 4 மில்லிமீற்றர் துண்டும், மூன்று மடங்காக்கும் இன்னொரு வில்லையும் சேர்த்துப் பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சடிக்கிறார்கள். கணக்குப் பிழையில்லை. ஆனால் வில்லையின் விட்டத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பதே நடைமுறையில் உள்ள எல்லை. 60 மில்லிமீற்றருக்கு 120 மடங்கு. அதற்கு மேலே போனால் தெரிவது பெரிதான மங்கல் மட்டுமே. முதல் நாள் இரவு சனிக்கிரகத்தைத் தேடி ஒன்றும் காணாத பிள்ளை, மறுநாள் அந்தப் பெட்டியைத் தொடாது. நமது சமூகத்தில் எத்தனை வீடுகளின் கராஜில் இப்படியான பெட்டிகள் கிடக்கின்றன என்று எண்ணினால் தெரியும்.

நல்ல பார்வைத்துண்டு என்றால் என்ன? 1860 இல் வியன்னாவைச் சேர்ந்த சீமோன் பிளெசல் அமைத்த நான்கு வில்லை அமைப்பு இன்றும் கடைகளில் அதிகம் விற்பனையாகிறது. 1880 இல் ஜேர்மனியின் ஏர்ன்ஸ்ற் அபே உருவாக்கிய வகையைக் கிரகங்கள் பார்ப்போர் இன்றும் விரும்புகிறார்கள். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அப்பல்லோ விண்வெளி வீரர்களுக்கான சந்திரத் தரையிறக்கப் பயிற்சிக் கருவியின் ஒளியியலில் வேலை செய்த அமெரிக்கர் அல் நாக்லர், 82 பாகை அகலக் காட்சி தரும் பார்வைத்துண்டைக் கொண்டு வந்தார். சாவித் துவாரத்தால் எட்டிப் பார்த்ததற்கும் யன்னலைத் திறந்து பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் அது. அவரது ரெலிவியூ கொம்பனி நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் வரும் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தால் யப்பான் என்றோ தாய்வான் என்றோதான் எழுதியிருக்கும். வடிவமைப்பும் சோதனையும் அமெரிக்காவில். வில்லை கடைவதும் பொருத்துவதும் ஆசியாவில்.

மற்றப் பெயர்களும் இப்படித்தான். விக்சன், தக்காஹாஷி, பென்ரக்ஸ் ஆகியவை யப்பானியப் பெயர்கள். செலஸ்ரன் பிறந்தது கலிபோர்னியாவில். 2005 முதல் அது தாய்வானின் சின்ரா குழுமத்துக்குச் சொந்தம். ஸ்கைவொச்சரும் சின்ராவின் பெயரே. அவர்களுடைய பெரிய தொழிற்சாலை சீனாவின் சுஜோவில் உள்ளது. எக்ஸ்புளோர் சயன்ரிபிக் சீனாவின் ஜிங்குவா நிறுவனத்தோடு இணைந்தது. தாய்வானின் குவான் ஷெங் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒரே துண்டு, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயர் பொறித்து விற்கப்படுகிறது. கடையில் தெரியும் பெயர்கள் பல. பின்னால் உள்ள தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணலாம். இதை நினைவில் வைத்திருங்கள், கீழே வரும் வழக்கு இதில்தான் தங்கியிருக்கிறது.

அடுத்து, "இன்ன நாட்டில் செய்யப்பட்டது" என்ற அந்த வரி உண்மையில் எதைச் சொல்கிறது? ஒளியியல் கண்ணாடியை ஜேர்மனியின் ஷொட், யப்பானின் ஒஹாரா, ஹோயா, சீனாவின் செங்டுவில் உள்ள ஆலை என்று சில நிறுவனங்களே உருக்கி வார்க்கின்றன. அந்தக் கண்ணாடி இன்னொரு நாட்டுக்குப் போய் வில்லையாகக் கடையப்பட்டு, பூச்சுப் பூசப்பட்டு, வேறோர் இடத்தில் குழாய்க்குள் பொருத்தப்படலாம். முத்திரை பொதுவாகக் கடைசிக் கட்டத்தின் ஊரைச் சொல்கிறது. இது தொலைநோக்கிக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 சனவரி 6 இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீற்றர் தொலைநோக்கியை இந்தியா தன் சொந்தத் தயாரிப்பு என்று பெருமையோடு சொல்கிறது. அதில் நியாயமும் உண்டு, ஏனெனில் அதை வடிவமைத்ததும் கண்ணாடியைக் கடைந்து மெருகிட்டதும் இந்தியர்கள், பெங்களூரில். ஆனால் கண்ணாடிக் கட்டி வந்தது ஜேர்மனியிலிருந்து. அதே மலையில் உள்ள 1 மீற்றர் தொலைநோக்கி முழுவதும் கிழக்கு ஜேர்மனியின் ஜேனா நகரச் சைஸ் தயாரிப்பு. 1972 இல் நிறுவப்பட்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்பதை 1977 மார்ச்சில் கண்ட நிலையங்களில் காவலூரும் ஒன்று. அன்று வேலை செய்தது இந்த ஜேனாக் கருவிதான்.

ஜேனா என்று சொல்லும்போது ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. 1945 இல் அமெரிக்கப் படை ஜேனாவை விட்டு வெளியேறியபோது சைஸ் நிறுவனத்தின் முக்கிய நிபுணர்களைத் தன்னோடு மேற்கே அழைத்துச் சென்றது. அவர்கள் ஒபர்கொக்கன் என்ற ஊரில் தொழிலைத் திரும்பத் தொடங்கினார்கள். ஜேனாவில் எஞ்சியது சோவியத் ஆளுகைக்குள் போனது. அதன்பின் உலகில் இரண்டு சைஸ்கள். எது உண்மையான சைஸ், அந்தப் பெயரை எந்த நாட்டில் யார் பாவிக்கலாம் என்று பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுபட்டது; ஜேர்மனி ஒன்றான பிறகே இரண்டு சைஸ்களும் ஒன்றாயின. "ஜேர்மன் சைஸ்" என்று சொன்னால் அந்தக் காலத்தில் "எந்த ஜேர்மன்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. நமது எப்சத்தின் விளிம்பில், மனுகாவ் வீதியை ஒட்டிய வன் ட்ரீ ஹில் பூங்காவுக்குள் இருக்கும் ஸ்டார்டோம் வானாய்வகத்தில் 1967 முதல் நிற்பதும் ஒரு 50 சென்ரிமீற்றர் சைஸ் தொலைநோக்கியே. வார இறுதியில் அந்தப் பூங்காவில் நடை போகும் தமிழர்கள் நிறையப் பேர்; அந்த வெள்ளைக் குவிமாடத்தின் உள்ளே போனவர்கள் குறைவு.

நாட்டின் பெயர் தரத்தின் பெயராவதும் அழிவதும் வரலாற்றில் வெகு வேகமாக நடந்திருக்கிறது. 1887 இல் பிரித்தானியா ஒரு வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. மலிவான வெளிநாட்டுப் பொருட்கள், குறிப்பாக ஜேர்மன் பொருட்கள், பிரித்தானியப் பொருள் போல வேடமிட்டு விற்கப்படுவதைத் தடுப்பதே நோக்கம். "ஜேர்மனியில் செய்யப்பட்டது" என்பது வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கையாக எழுதப்பட்ட வரி. சில ஆண்டுகளுக்குள் அதுவே விளம்பரமாயிற்று. யப்பானும் அப்படியே. போருக்குப் பின் "ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் செய்யப்பட்டது" என்ற முத்திரையோடு ஏற்றுமதியான பொருட்களை உலகம் ஏளனமாகவே பார்த்தது. யப்பான் என்ன செய்தது? ஏற்றுமதிப் பொருட்களைப் பரிசோதிக்கச் சட்டம் இயற்றியது. தொலைநோக்கிகளுக்கும் இருகண் நோக்கிகளுக்கும் தனியாக ஒரு பரிசோதனை நிலையம் இருந்தது. அந்தக் காலத்து யப்பானியக் கருவிகளில் பொன்னிறத்தில் ஒரு சிறு நீள்வட்ட ஒட்டுச்சீட்டு, "தேறியது" என்ற ஆங்கிலச் சொல்லுடன், இன்றும் ஒட்டியிருப்பதைக் காணலாம். நமது பெற்றோர் மதித்த "யப்பான் சாமான்" வானத்திலிருந்து விழவில்லை. கழித்து ஒதுக்கியவற்றால் அது உருவானது.

இங்கேதான் ஒரு கணக்காளனுக்கு விடயம் சுவையாகிறது. ஒரு பார்வைத்துண்டின் உற்பத்திச் செலவில் கண்ணாடியும் கூலியும் மட்டும் இல்லை, கழிவும் இருக்கிறது. நூறு வில்லை கடைந்தால் எத்தனையை நிராகரிப்பது என்பதை வாங்கும் கொம்பனி எழுதிக் கொடுக்கும் விவரக்குறிப்பு தீர்மானிக்கிறது. விளிம்பைக் கறுப்பாக்க வேண்டுமா, எத்தனை அடுக்குப் பூச்சு, உள்ளே ஒரு தூசு இருந்தால் ஏற்பதா, ஒவ்வொன்றாகச் சோதிப்பதா, பத்துக்கு ஒன்றா? ஒரே கூரையின் கீழ், ஒரே இயந்திரத்தில், ஒரே தொழிலாளியின் கையால் இரண்டு தரங்கள் வெளியே வரும். கடுமையான குறிப்புக்கு வாங்குபவர் கூடிய விலை கொடுக்கிறார். நிராகரிக்கப்பட்டவற்றின் செலவு தேறியவற்றின் மீது ஏறுகிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் இருநூறு டொலரின் ஒரு பங்கு, நீங்கள் ஒருபோதும் காணாத குறைத் துண்டுகளுக்கானது. இதில் நாட்டின் பெயருக்கு இடம் எங்கே?

தொலைநோக்கியையும் பார்க்க வேண்டும். குவியத்தூரம் விட்டத்தின் பத்து மடங்காக உள்ள தொலைநோக்கியில் ஒளிக்கூம்பு ஒடுக்கமானது. மலிவான பிளெசல் துண்டுகூட ஓரம்வரை தெளிவாகக் காட்டும். ஐந்து மடங்காக உள்ள பெரிய வாளித் தொலைநோக்கியில் அதே துண்டைப் போட்டால் ஓரத்து நட்சத்திரங்கள் குருவி போலச் சிறகு விரிக்கும். அப்போதுதான் ஏழு எட்டு வில்லைகள் கொண்ட விலை உயர்ந்த துண்டின் அருமை தெரியும். முதல்வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவர் "யப்பான்" என்ற சொல்லுக்காக மும்மடங்கு விலை கொடுத்தால், அந்தப் பணத்தின் பெரும்பகுதி மனத் திருப்திக்கே.

அப்படியானால் எங்கே செய்யப்படுகிறது என்பது பொருட்டே இல்லையா? பொருட்டுத்தான், ஆனால் தரத்துக்கு அல்ல, விலைக்கும் தெரிவுக்கும். இதற்கு ஓரியன் வழக்கைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

ஓரியன் 1975 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய தொலைநோக்கி விற்பனைக் கொம்பனி. பின்னாளில் அதன் ஊழியர்களே அதன் உரிமையாளர்கள். அது தானாகத் தொழிற்சாலை வைத்திருக்கவில்லை. சின்ராவிடமும், சீனாவின் நிங்போ சன்னியிடமும் செய்வித்துத் தன் பெயரில் விற்றது. 2013 இல் மீட் என்ற பழம்பெரும் அமெரிக்கக் கொம்பனி விற்பனைக்கு வந்தது. முதலில் ஜிங்குவா வாங்குவதாக இருந்தது. முடிவில் நிங்போ சன்னி வாங்கியது. போட்டியாளராக இருக்க வேண்டிய சின்ராவின் தரப்பிலிருந்தே அந்தக் கொள்வனவுக்குப் பண உதவி கிடைத்தது என்பது பின்னர் வழக்கில் வெளிவந்தது. செலஸ்ரன் ஒருவர் கையில், மீட் மற்றவர் கையில். உயர்ரகம் உனக்கு, கீழ்ரகம் எனக்கு என்று சந்தையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், விலையிலும் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பதே ஓரியனின் முறைப்பாடு. 2016 இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2019 நவம்பரில் யூரிகள் ஓரியனுக்குச் சார்பாக 16.8 மில்லியன் டொலர் நட்டஈடு தீர்த்தார்கள். அமெரிக்கப் போட்டிச் சட்டப்படி அது மும்மடங்காகி 50 மில்லியனைத் தாண்டியது. அடுத்த மாதமே மீட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2021 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த ஆண்டிலேயே மீட் ஓரியனின் கைக்கு வந்துவிட்டது.

வென்றவர் செழித்தார் என்றுதான் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2024 யூலையில் ஓரியனும் மீட்டும் சேர்ந்தே கதவை மூடின. ஊழியர்கள் வேலையிழந்தார்கள். தீர்ப்பின் தொகை எவ்வளவு பெரிதானாலும் தொழிற்சாலை எதிராளியின் கையில்தான் இருந்தது. பெயர்ப் பலகை மட்டும் வைத்திருந்த வியாபாரி அடுத்த கொள்வனவுக்கு அதே சிறு வட்டத்துக்குள்தான் போக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் தொலைநோக்கி வாங்கி, பின் யாரும் வாங்காமல் விட்டதும் இந்தத் தொழிலை அடித்தது. என்னைக் கேட்டால், போட்டிச் சட்டம் பணத்தைத் திருப்பித் தரும், தொழிற்சாலையைக் கட்டித் தராது. ஒரு பொருளைச் செய்யும் திறமை இரண்டு மூன்று நகரங்களில் குவிந்துவிட்டால், அதன் விலையை ஒக்லாந்தில் இருந்து நாம் எவ்வளவு ஒப்பிட்டுப் பார்த்தாலும், பத்துக் கடையிலும் ஒரே மூலத்தின் விலையைத்தான் ஒப்பிடுகிறோம்.

2025 இல் இன்னொன்று நடந்தது. அமெரிக்கா ஏப்ரலில் அறிவித்த இறக்குமதி வரிகளில் சீனப் பொருட்களுக்கான வீதம் 145 வரை ஏறி, மே மாதத்தில் 30க்கு இறங்கியது. ஓகஸ்டில் தாய்வானுக்கு 20 வீதம், யப்பானுக்கு 15 வீதம். இருபது ஆண்டுகளாக யாரும் கவனிக்காத அந்தச் சிறு முத்திரை திடீரென்று விலைப்பட்டியலில் ஓர் எண்ணாக மாறியது. நியூசிலாந்து அந்த வரியை விதிப்பதில்லை. சீனாவுடன் 2008 முதலும், தாய்வானுடன் 2013 முதலும், யப்பானுடன் 2018 முதலும் நமக்கு வர்த்தக உடன்பாடுகள் உண்டு. ஆனால் தாய்வானில் செய்த துண்டு நியூயோர்க் போய் அங்கிருந்து நமக்கு வருமானால், அங்கே கட்டிய வரி விலைக்குள் மறைந்து வரக்கூடும். நேரே வந்தால் வராது. வாங்குமுன் எங்கிருந்து அனுப்புகிறார்கள் என்று கேட்பது, எங்கே செய்தது என்று கேட்பதைவிடப் பணப்பைக்கு நல்லது.

நமக்கு உள்ள வரி 15 வீத ஜி.எஸ்.ரி. வெளிநாட்டுக் கடையில் 400 டொலர் என்று போட்டிருந்தால் 460 என்று வாசியுங்கள். 2019 டிசெம்பர் முதல், ஆண்டுக்கு 60,000 டொலருக்கு மேல் இந்நாட்டுக்கு விற்கும் வெளிநாட்டு வியாபாரிகள், 1,000 டொலர் வரையான பொருளுக்கு அதைக் கடையிலேயே அறவிட வேண்டும். ஆகவே வெளியில் வாங்கினால் வரியில்லை என்ற பழைய நினைப்பு இனிச் செல்லாது.

சட்டம் இந்த முத்திரையைப் பற்றி என்ன சொல்கிறது? நியூசிலாந்தில் உடுப்புக்கும் பாதணிக்கும் சில உணவு வகைகளுக்கும் உற்பத்தி நாட்டைக் குறிப்பிடுவது கட்டாயம். பார்வைத்துண்டுக்கு அப்படி இல்லை. ஆனால் குறிப்பிட்டால் உண்மையாகக் குறிப்பிட வேண்டும். 1986 ஆம் ஆண்டின் நியாய வர்த்தகச் சட்டம் பிறப்பிடம் பற்றிய பொய்யைத் தடை செய்கிறது. இதைவிட நமக்குப் பயன் தருவது 1993 ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம். செய்தவருக்கு இந்நாட்டில் அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரே செய்தவராகக் கருதப்படுவார். சுஜோவில் செய்தாலென்ன, தாய்ச்சுங்கில் செய்தாலென்ன, உள்ளூர்க் கடையில் வாங்கிய துண்டில் பூச்சு உரிந்தால் பதில் சொல்ல ஒருவர் இங்கே இருக்கிறார். இணங்காவிட்டால் டிஸ்பியூட்ஸ் ட்ரிபியூனல் இருக்கிறது. வெளிநாட்டு இணையக் கடையிலோ தனியாரிடமோ வாங்கினால் இந்த வசதி நடைமுறையில் கிடைப்பது கடினம். ஐம்பது டொலர் மிச்சம் பிடிப்பவர் இந்த ஐம்பதை எங்கே விடுகிறார் என்று ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

தொலைநோக்கியோடு வரும் பாகங்களில் ஒன்றுக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய மலிவுத் தொலைநோக்கிகளுடன் "சூரிய வடிகட்டி" என்று ஒரு சிறு கறுத்தக் கண்ணாடி வந்தது. அது பார்வைத்துண்டில் திருகப்படுவது. குவிந்த சூரிய ஒளியின் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில் விழும். அது வெடித்தால் கண் இமைப்பதற்குள் பார்வை போய்விடும். எந்த நாட்டில் செய்ததாயினும் அதை எடுத்து எறியுங்கள். வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூட வேண்டும். வெறுங் கண்ணுக்கான கிரகணக் கண்ணாடிக்கு ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்க்கக் கூடாது.

வாங்குமுன் பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி இருக்கிறது. 1922 இல் தொடங்கிய ஒக்லாந்து வானியற் சங்கம் ஸ்டார்டோமில் கூடுகிறது. அங்கே வருவோரிடம் யப்பான், தாய்வான், சீனா என்று மூன்றும் பையில் இருக்கும்; கேட்டால் பார்க்கத் தருவார்கள். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு முத்திரையை வாசியுங்கள், முதலில் வாசிக்க வேண்டாம். மிஞ்சும் பணத்தில் ஓர் இரவு நகர வெளிச்சத்தை விட்டு வெளியேறிப் போவது, எந்தத் துண்டையும்விடக் கூடுதலாகக் காட்டும். 2017 முதல் இருள்வானச் சரணாலயமாக உள்ள கிரேட் பாரியர் தீவு ஒக்லாந்து மாநகர எல்லைக்குள்தான் இருக்கிறது. அங்கே ஒமேகா சென்ரோரி கொத்தை வெறுங் கண்ணாலேயே காணலாம். பழைய 25 மில்லிமீற்றர் பிளெசலில் பார்த்தால் அது கொட்டிய சீனி போலத் தெரியும்.

கிரகணத்துக்குத் தெற்கே போக எண்ணுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது நிகழ்வது குளிர்காலப் பின்நேரம்; சூரியன் வடமேற்கில் தாழ்ந்து நிற்கும். அந்தத் திசையில் மலை மறைக்காத இடமாகப் பார்த்துத் தங்குமிடத்தை இப்போதே பதிவு செய்வது நல்லது.